மதிலுக்குள் அறுபத்துமூன்று பேர்

இந்தப் பையைக் கொஞ்சம் உங்க காலடியில வச்சுக்கலாமாம்மா? கனம் இல்லை. எலுமிச்சம் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். நானே செஞ்சது. ஏன் அப்படிப் பாக்கறீங்க, நிஜமாத்தான் சொல்றேன். வீட்டம்மா அமெரிக்காவுலேருந்து இன்னைக்கு வர்றா. பதினோரு மாசம் ஆச்சு. ஏழரைக்குப் பிளேன் இறங்குது. பாஸ்போர்ட்டைக் காட்டி, பெட்டியை எடுத்து, வெளியில வர எப்படியும் ஒன்பது ஆயிடும். நான் தாம்பரத்துல இறங்கி, மின்சார ரயிலைப் புடிச்சு, திரிசூலத்துல இறங்கி ரோட்டைத் தாண்டினா ஏர்போர்ட். திரும்பி வர்றதுக்குக் கார் சொல்லி வச்சிருக்கு. போறதுக்கு ஒத்தை ஆளுக்கு எதுக்குக் கார்?

நீங்களும் தாம்பரம் வரைக்குமா? நல்லதாப் போச்சு. உங்ககிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும். இந்தப் போன்ல ஒரு இடத்துல மாட்டிக்கிட்டு நிக்கறேன். நேத்து காலையிலேருந்து அதே இடம்தான். ஆனா நீங்க பொம்பளை. உங்ககிட்ட இதைக் காட்டவே கூடாது, எங்க குழுவோட முதல் விதியே அதுதான். சரி, விழுப்புரம் தாண்டியாச்சு. நீங்க யாரோ, நான் யாரோ. ஆனா மொதல்லேருந்து சொன்னாத்தான் விளங்கும்.

என் பேரு மாசிலாமணி. முத்திரை ஆய்வாளரா இருந்து ஓய்வு பெத்தவன். கடைக்காரங்க தராசு, படிக்கல்லு எல்லாத்தையும் சோதிச்சு முத்திரை போடறாங்கல்ல, அந்த வேலை. முப்பத்திரண்டு வருஷம். ஒரு தராசை வாசல்ல நின்னு பாத்தே சொல்லிடுவேன், இது நேர்மையான தராசா, தட்டுக்கு அடியில புளி ஒட்டின தராசான்னு. மனுஷங்களும் அப்படித்தான். எங்கிட்ட பொய் எடை நடக்காது.

பொண்ணு தமயந்தி டல்லாஸ்ல இருக்கா. போன வருஷம் முழுகாம இருந்தா. பிரசவத்துக்கு அம்மா போகணும், அது ஊருலக வழக்கம். நானும் கூடவே போனேன். மூணு வாரம் இருந்தேன். நாலாவது வாரம் திரும்பிட்டேன். ஏம்மா, ஒரு ஊருன்னு இருந்தா காலையில எழுந்து நடந்து போனா ஒரு டீக்கடை வர வேண்டாமா? அங்க நடந்தா நடந்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான். ரோட்டுல என்னை விட்டா ஒரு அணில். அதுவும் நம்ம ஊரு அணில் இல்லை, முதுகுல கோடு கிடையாது. நீ இருந்து பொண்ணைப் பாத்துக்க, நான் தனியா சமாளிச்சுக்குவேன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டேன். செண்பகம் தடுக்கலை. செண்பகம்கறது வீட்டம்மா. "உங்களுக்கு அடுப்பு பத்தவைக்கத் தெரியுமா?"ன்னு மட்டும் கேட்டா.

தெரியும்னேன்.

வந்து பாத்தா, நான் காலையில நடக்கற மைதானத்துலயே என்னை மாதிரி நாலு பேர் சுத்திக்கிட்டிருக்காங்க. ஏகாம்பரம் வாத்தியார், தலைமையாசிரியரா இருந்தவர். அவர் சம்சாரம் மெல்போர்ன்ல பேரனைப் பாத்துக்கறாங்க. இருதயராஜ், தபால் ஆபீசுல இருந்தவர். அவர் வீட்டுக்காரம்மா டொரன்டோ. இன்னும் ரெண்டு பேர். ஆளுக்கொரு கண்டத்துக்குப் பொண்டாட்டியை அனுப்பிட்டு விழுப்புரத்துல வட்டம் போட்டுக்கிட்டிருந்தோம். அரசியல்ல ஆரம்பிப்போம், மூட்டு வலியில போவோம், கடைசியில பேச்சு ஒரே இடத்துலதான் வந்து நிக்கும். ஒரு டம்ளர் அரிசிக்குத் தண்ணி எத்தனை?

ஆனா சந்தேகம் மைதானத்துலயா வருது? அடுப்பு முன்னால நிக்கும்போதுதானே வருது. அதனால வாட்ஸ்அப்புல ஒரு குழு போட்டோம். நாலு நாள் நல்லா நடந்துச்சு. அஞ்சாம் நாள் இருதயராஜ் கருகின பாத்திரத்தைப் போட்டோ எடுத்து, 'இதைத் தேய்ப்பதா, எறிவதா?'ன்னு எழுதி, எங்களுக்கு அனுப்பறதா நெனச்சு அவங்க குடும்பக் குழுவுக்கு அனுப்பிட்டார்.

அவ்வளவுதான். அரை மணியில டொரன்டோவுலேருந்து போன். சாயங்காலத்துக்குள்ள பாண்டிச்சேரியிலேருந்து மச்சினன் வந்து இறங்கிட்டார். மறுநாளிலேருந்து கேரியர்ல சாப்பாடு. சமையக்கட்டுல புகையைப் பாத்தா கத்தற மிஷின் ஒண்ணு மாட்டினாங்க, அது சாம்பிராணிக்கும் கத்துது. வாரக் கடைசியில கோயம்புத்தூர் பக்கம் வயசானவங்களுக்குன்னே கட்டின வீடுங்களோட விளம்பரப் புத்தகம் தபால்ல வந்துச்சு. அதைக் கொண்டாந்து கொடுத்த தபால்காரர் இவருக்குக் கீழ வேலை பாத்தவராம். அட்டையைப் படிச்சுட்டு, "சாருக்கு என்ன ஆச்சு?"ன்னு விசாரிச்சிருக்கார். இருதயராஜ் மைதானத்துல வந்து உக்காந்து, ஒரு பாத்திரம்தாம்பா கருகிச்சு, ஒரே ஒரு பாத்திரம்னு அழாத குறை.

அன்னைக்கு முடிவு பண்ணோம். நமக்குன்னு தனியா ஒரு இடம் வேணும். மனைவி மக்கள் எட்டிப் பாக்க முடியாத இடம். இடம் பாக்கற பொறுப்பை எங்கிட்ட விட்டாங்க. நான் கேக்கலை. சோதிச்சு முத்திரை போடறது உங்க தொழில்தானேன்னு அவங்களே சொன்னாங்க.

சும்மா இல்லைம்மா, ஒரு மாசம் சோதிச்சேன். எழுத்துப் பெருசாத் தெரியணும். போட்டோ போகணும். கையில மாவு இருந்தா வாயால சொன்னாலே அது எழுதிக்கணும். நாம எத்தனை மணிக்கு முழிச்சிருந்தோம்னு அடுத்தவனுக்குக் காட்டக் கூடாது. எல்லாத்துக்கும் மேல, பொம்பளைங்க உள்ள வர வழி இருக்கக் கூடாது.

முதல்ல ஒண்ணைப் பாத்தேன், பேரு வேண்டாம். நம்ம பேரைக் கொடுத்த உடனே, இவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்னு முகமா வரிசை கட்டிக் காட்டுது. முதல் முகம் என் மச்சினிச்சி. ரெண்டாவது முகம் மச்சினிச்சியோட சம்பந்தி. அப்படியே மூடிட்டேன். அடுத்தது, எழுத்தே கிடையாது, எல்லாரும் ஒரே அறையில உக்காந்த மாதிரி வாயாலயே பேசிக்கலாம்னாங்க. அஞ்சு பேரும் உள்ள போனோம். நாப்பது நிமிஷம் பேசினோம். நாப்பது நிமிஷமும் "கேக்குதா?", "கேக்குது, உங்களுக்குக் கேக்குதா?" அவ்வளவுதான் பேச்சு. அதையும் விட்டோம். மூணாவது ஒண்ணு ரொம்ப நேர்த்தி, ஒவ்வொரு விஷயத்துக்கும் தனி அறை வச்சுக்கலாம். சோத்துக்கு ஒண்ணு, குழம்புக்கு ஒண்ணு, ரசத்துக்கு ஒண்ணுன்னு வச்சேன். ஏகாம்பரம் வாத்தியார் ரச அறைக்குள்ள போனவர் வெளியில வரத் தெரியாம ரெண்டு நாள் அங்கயே தனியாப் பேசிக்கிட்டிருந்தார். யாரும் பதில் போடலைன்னு எங்க மேல வருத்தம் வேற.

கடைசியில கிடைச்சதுதான் மதில். இருதயராஜோட தங்கச்சி மகன் வேலை பாக்கற ஓசூர் கம்பெனியில புதுசா செஞ்சது. மதில்னா மதில்தான். உள்ள ஒரு குழு இருக்கறதே வெளியில தெரியாது. தேடினாலும் அகப்படாது. வாசல்ல ஒரு காவலர். ஒரே ஒரு காவலர். அவர் திறந்தாத்தான் உள்ள வரலாம். நான் முத்திரை போட்டுட்டேன். காவலரும் நான்தான்.

மதில் எவ்வளவு பத்திரம்னா, ஒவ்வொரு தடவை புதுசா உள்ள போகும்போதும் ரகசிய எண் கேக்கும். அது குழுவோட வாசல் முகவரியோட சேந்து ஈமெயிலுக்கு வரும். என் ஈமெயிலைத் தமயந்திதான் ஆரம்பிச்சுக் கொடுத்தா. நான் கடவுச்சொல்லை மறந்துட்டேன்னு அது அவ போன்லயும் வர்ற மாதிரி பண்ணி வச்சிருக்கா. அதனால அவளுக்குப் போன் போட்டு, பேங்க் விஷயமா ஒரு எண் வந்திருக்கும் பாரும்மான்னு கேட்டு வாங்கிக்குவேன். ஒரு தடவை, "அப்பா, மதில்னு புதுசா ஒரு பேங்க்கா?"ன்னு கேட்டா. கூட்டுறவு பேங்க்னேன். நம்பிட்டா. சின்ன வயசுலேருந்தே வெகுளி.

சிரிக்கறீங்க. சிரிங்க. திண்டிவனம் வந்துடுச்சு போல. டீ சாப்பிடறீங்களா? வேண்டாமா? எனக்கும் வேண்டாம், சர்க்கரை இல்லாம இவங்க தர மாட்டாங்க.

அப்புறம் ஆள் சேர ஆரம்பிச்சாங்க. ஒருத்தர் சொல்லி ஒருத்தர். கடலூர், மயிலாடுதுறை, திருப்பத்தூர்னு எல்லா ஊர்லயும் இந்தக் கஷ்டம் இருக்கு பாத்துக்கோங்க. இப்ப அறுபத்துமூணு பேர். அறுபத்துமூவர்னுதான் எங்களுக்குள்ள சொல்லிக்குவோம், ஆனா அவங்களுக்குக் கோயில் பிரகாரத்துல சிலை இருக்கு, எங்களுக்குக் கருகின சட்டிதான் மிச்சம். வர்றவங்க உண்மையான ஆளுங்களா, இல்லை யாராவது வீட்டம்மா வேவு பாக்க வர்றாங்களான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? அங்கதான் என் மூளை வேலை செஞ்சுது. வாசல்ல ஒரு கேள்வி வச்சேன். துவரம் பருப்புக்கு எத்தனை விசில்?

தப்பாச் சொன்னா உள்ள விடுவேன். சரியாச் சொன்னா விட மாட்டேன். விசில் கணக்குத் தெரிஞ்சவ பொம்பளையாத்தானே இருக்கணும்? தெரியாதவன் நம்ம ஆளு.

அதுல ஒருத்தன் மாட்டினான். ஜெகதீசன்னு பேரு, திருக்கோவிலூர். 'ஊற வைத்தால் மூன்று, இல்லையென்றால் ஐந்து. பழைய பருப்பாக இருந்தால் ஒரு சொட்டு நல்லெண்ணெய்'னு எழுதினான். நல்லெண்ணெயைப் பாத்ததும் உறுதியாயிடுச்சு. விரட்டிட்டேன். மறு வாரம் அவன் நேரா மைதானத்துக்கே வந்துட்டான். மீசை வச்ச ஆளு. சம்சாரம் தவறிப் பதினெட்டு வருஷம் ஆச்சாம், ரெண்டு பிள்ளைங்களைத் தானே சமைச்சுப் போட்டு வளத்தவராம். சமைக்கத் தெரியாதவங்களுக்குச் சொல்லித் தரலாம்னு வந்தேங்கன்னார். எனக்குக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா விதின்னா விதி. ஒருத்தருக்குத் தளர்த்தினா அப்புறம் அந்த வழியா வேவுக்காரி நுழைஞ்சுடுவா.

குற்றாலநாதன் அப்படி இல்லை. மதில் ஆரம்பிச்ச ஒன்பதாம் நாள் வந்தார். ராஜபாளையம்னு போட்டிருந்தார். கேள்விக்கு அவர் எழுதின பதில் எனக்கு இன்னும் மனப்பாடம். 'ஐயா, விசில் அடிப்பது போலீஸ்காரர் என்றுதான் நினைத்திருந்தேன். குக்கருமா அடிக்கிறது?' பாவம், எனக்குக் கண்ணே கலங்கிப் போச்சு. நம்மை விட மோசமான ஆள் ஒருத்தர் இருக்கார்னு ஒரு ஆறுதல். உடனே திறந்து விட்டேன். எங்க குழுவைப் பத்தி யார் சொன்னாங்கன்னு கேட்டதுக்கு, 'மாசிலாமணி ஐயாவைத் தெரியாதவர் உண்டா?'ன்னு எழுதினார். ராஜபாளையம் வரைக்கும் பேர் போயிருக்கு பாருங்க.

அந்த மனுஷனுக்கு எப்படி ஒரு கிரகிப்பு சக்தி தெரியுமா? விசில்னா என்னன்னு கேட்டவர், மூணே நாள்ல வத்தக்குழம்புக்கு அளவு சொல்றார். ஒரு வாரத்துல குழுவுக்கே அவர்தான் வாத்தியார். அறுபத்துமூணு பேருல என் மேலன்னா அவருக்குத் தனிப் பிரியம். குக்கர்ல தண்ணி கக்குதுன்னு எழுதினா, உங்களுடையது பழைய அஞ்சு லிட்டர் குக்கராக இருக்கும், கைப்பிடி ஆடும், கைப்பிடியை அழுத்திப் பிடித்து மூடுங்கள்னு பதில் வருது. அப்படியே ஆடுது. பெருங்காயம் காணோம்னு எழுதினேன். மேல் அலமாரியில் ரவை டப்பாவுக்குப் பின்னால் பாருங்கள்னார். அங்கதான் இருந்துச்சு. எல்லா வீட்டுலயும் அங்கதான் வைப்பாங்களாம். ஒரு நாள் வறுவலைப் போட்டோ எடுத்துப் போட்டேன். வறுவலை விட்டுட்டு, அந்த நீலத் துணியால் சட்டியைப் பிடிக்காதீர்கள், அது ஜன்னல் துடைக்கிற துணின்னு எழுதறார். நிறத்தை வச்சே கண்டுபிடிச்சிருக்கார் பாருங்க. என் இனம். தூரத்துல நின்னு பாத்தே சொல்லிடற இனம்.

ஒரே ஒரு குறை. பகல்ல பதினோரு மணிக்கு மேல ஆளைப் புடிக்க முடியாது, தூங்கிடுவார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் எழுந்து வருவார். நூல் மில்லுல ராத்திரி ஷிப்டு பாத்துப் பழகின உடம்பு போல. நான் கேட்டுக்கலை, தனிப்பட்ட விஷயம்.

ஏம்மா, தண்ணி வேணுமா? புரை ஏறிடுச்சா? மெதுவா, மெதுவா.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். செண்பகம் ஆறு மாசத்துல வந்திருக்கணும். மே மாசம். டிக்கெட் எல்லாம் இருந்துச்சு. நான் என்ன பண்ணேன், தினமும் சாப்பாட்டைப் போட்டோ எடுத்துப் பொண்ணுக்கு அனுப்புவேன். ஆரம்பத்துல மெஸ்ஸுல வாங்கி எங்க வீட்டுத் தட்டுல மாத்தி வச்சது, அப்புறம் மதில் வந்த பிறகு நானே செஞ்சது. அதைப் பாத்துட்டுத் தமயந்தி சொன்னா, அப்பாதான் ஜமாய்க்கிறாரே, அம்மா இன்னும் ஆறு மாசம் இருக்கட்டுமே, நான் வேலைக்குப் போகணும்னு. தாராளமா இருக்கட்டும்னேன். வேற என்ன சொல்ல முடியும்? செண்பகம் பக்கத்துலதான் நின்னா. குழந்தையைத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டே இருந்தா. "இல்லை, நான் ஊருக்குப் போகணும்"னு அவ ஒரு வார்த்தை சொல்லலை பாருங்க. பேரன் சுகம் கண்டவ, கட்டினவனை நெனைப்பாளா? நானும் விட்டுட்டேன். பத்தாததுக்கு அன்னைக்குச் சாயங்காலமே அவியல் செஞ்சு போட்டோ அனுப்பினேன்.

ஆகஸ்டுல எனக்கு மூணு நாள் காய்ச்சல். போன்ல பொண்ணுகிட்ட நல்லா இருக்கேன்னு சொல்லிட்டேன். வெளிச்சம் படாம மூலையில உக்காந்து பேசினேன், முகம் தெரியக் கூடாதுன்னு. குற்றாலநாதனுக்கு மட்டும் தனியா எழுதினேன், கஞ்சி எப்படி வைக்கறதுன்னு கேட்டு. ஒரு மணி நேரம் இருக்கும். மாடி வீட்டு ரமாபாய் தூக்குல கஞ்சியும் துவையலும் கொண்டாந்து வாசல்ல நிக்கறாங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேங்கறாங்க. அது முடிஞ்சு பத்து நிமிஷத்துல செண்பகம் கூப்பிட்டா. அவளே தனியாக் கூப்பிடறது அபூர்வம். விளக்கைப் போடுங்க, முகத்தைக் காட்டுங்கன்னா. முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தா இப்படித்தாம்மா, கடல் தாண்டி இருந்தாலும் மனசுக்குத் தெரிஞ்சுடுது. அதைக் குற்றாலநாதன்கிட்ட ஆச்சரியமா எழுதினேன். அதுக்கு அவர், மாத்திரை போட்டீங்களான்னார்.

காய்ச்சல் விட்ட மறுநாள் அவரே கேட்டார். அதை மட்டும் படிச்சுக் காட்டறேன், இருங்க, கண்ணாடி... ஆங். 'வீட்டம்மா வந்துவிட வேண்டும் என்று தோன்றவில்லையா?' நான் எழுதினேன், 'அது அவள் இஷ்டம்.' அவர் எழுதறார், 'இஷ்டத்தை யாராவது கேட்டால்தானே சொல்ல முடியும்?'

எனக்குக் கோவம் வந்துடுச்சு. இதுவரைக்கும் வீட்டம்மாகிட்ட எதையாவது கேட்டா வாழ்ந்தோம்? அவ தானாச் செய்வா, நான் தானாச் சாப்பிடுவேன். போன மாசம் கல்யாணம் ஆனவனா நான், வா வான்னு கூப்பிட? அப்படித்தான் எழுத ஆரம்பிச்சேன். என்னமோ தெரியலை, எழுதிக்கிட்டே போனதுல வேற எதையோ எழுதிட்டேன். அவ கூப்பிடற நேரம் காலையில எட்டு மணி. நான் ஏழரைக்கே போனை மடியில வச்சுக்கிட்டு உக்காந்துடுவேன். ஆனா போன் முதல் மணி அடிச்சதும் எடுக்க மாட்டேன். நாலாவது மணிக்குத்தான் எடுப்பேன். முதல் மணிக்கு எடுத்தா, காத்துக்கிட்டிருந்தான்னு தெரிஞ்சு போயிடும். இதை எழுதிட்டேன். ஒரு ஆம்பளைகிட்டங்கறதால எழுதினேன். அவகிட்ட இதெல்லாம் சொல்ல முடியுமா?

அன்னைக்கு முழுக்கக் குற்றாலநாதன் பதிலே போடலை. மறுநாளும் காணோம். ஒரு பெரிய மனுஷன் மனசைத் திறந்தா மரியாதைக்காவது ஒரு பதில் போட வேண்டாமான்னு இருந்துச்சு. மூணாம் நாள் ஒரே வரி வந்துச்சு. 'இதை நேரில் ஒரு முறை கேளுங்கள். ஒரு முறை போதும்.'

அந்த வாரமே தமயந்தி கூப்பிட்டு, அம்மா நவம்பர்ல வர்றாங்கப்பான்னா. எனக்குத் தலைகால் புரியலை. ஆனா அவியல் தின்ன வாயில வேற என்ன வரும்? ஏன், அங்க இருக்கட்டுமேன்னேன். அதுக்கு அவ சொல்றா, திரும்பிப் போறதுக்கும் சேத்தே டிக்கெட் போட்டிருக்கு, ஜனவரி பதினெட்டு, வேண்டாம்னா நிறுத்திக்கலாம், அப்பா ஒரு வார்த்தை சொன்னாப் போதும்னு. நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லலை. போன்ல எப்படிம்மா? பொண்ணு இருக்கா, மாப்பிள்ளை காதுல விழும்.

அதுலேருந்து குற்றாலநாதன் விடலை. கேப்பீங்களா, கேப்பீங்களான்னு தினம் ஒரு தடவை. என்னமோ அவர் பொண்டாட்டி திரும்பி வர்ற மாதிரி. கேக்கறேன்யான்னு சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன். முந்தாநாள் சாயங்காலம், 'இரண்டு நாள் வெளியூர் போகிறேன், மாத்திரையை மறக்காதீர்கள்'னு எழுதிட்டுப் போனவர்தான். அப்புறம் ஒரு வரி இல்லை. எனக்கு அது வேற கவலை. வயசானவர், தனியாப் போயிருக்கார். என்னதான் அப்படி அவசரமோ.

இப்ப என் சந்தேகத்தைச் சொல்லிடறேன். செங்கல்பட்டு தாண்டியாச்சு, நேரம் இல்லை.

மதில்ல இன்னொரு விதி இருக்கு, நான் வச்சதுதான். சம்சாரம் வந்து இறங்கற அன்னைக்கே ஆள் வெளியேறிடணும். வீட்டுல அவங்க இருக்கும்போது போன்ல மதிலும் இருந்தா மொத்தப் பேருக்கும் ஆபத்து. காவலரும் விதிக்குக் கட்டுப்பட்டவர்தான். அதனால நான் காவலை வேற ஒருத்தர்கிட்ட ஒப்படைக்கணும். யார்கிட்டங்கறதுல சந்தேகமே இல்லை, குற்றாலநாதன்தான். அறுபத்துமூணு பேரும் ஒரே குரல்ல சொன்னாங்க. இவர் கையில இருந்தா ஒரு பொம்பளை உள்ள நுழைய முடியாதுன்னு ஏகாம்பரம் வாத்தியாரே எழுதினார்.

நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டுச் சிரிச்சாலும் தோள் குலுங்கறது எனக்குத் தெரியுதும்மா. ரயில் குலுங்குதா? சரி.

இதோ பாருங்க, இந்த இடத்துலதான் மாட்டிக்கிட்டேன். ஒப்படைக்கும்போது மதில் ஒரு கேள்வி கேக்குது. 'தற்காலிகமாகவா, நிரந்தரமாகவா?' தற்காலிகம்னா, ரெண்டு மாசம் கழிச்சுக் காவல் தானா என் கைக்கே திரும்பிடும். என் இடமும் அப்படியே இருக்கும். ஜனவரி பதினெட்டாம் தேதி அவளை விமானம் ஏத்திவிட்டுட்டு வந்து, அன்னைக்கு ராத்திரியே மதில்காரங்களோட பழையபடி பேசிக்கிட்டிருக்கலாம். நிரந்தரம்னு போட்டா, இன்னைக்கு ராத்திரியோட போனது போனதுதான். திரும்ப வரணும்னா புது ஆள் மாதிரி வாசல்ல நின்னு பரீட்சை எழுதணும். எனக்கு இப்ப விசில் கணக்கு நல்லாத் தெரியும். நான் தேற மாட்டேன்.

புத்தியுள்ளவன் என்ன பண்ணுவான்? தற்காலிகம்னு போட்டு வச்சுக்குவான். அவ என்ன சொல்லுவாளோ தெரியாது. நான் கேட்டு, அவ, இல்லைங்க, பேரனை விட்டுட்டு இருக்க முடியாதுன்னு சொல்லிட்டா? அப்ப மதிலும் இல்லை, அவளும் இல்லை. நாலு சுவர்தான். நேத்து காலையிலேருந்து விரலை வச்சு வச்சு எடுக்கறேன். தற்காலிகத்து மேல விரல் போனா, அப்ப நான் கேக்கப் போறதில்லைன்னு எனக்கே தெரிஞ்சு போகுது. கேக்கறவன் எதுக்கு இடம் போட்டு வைக்கறான்? ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்.

ஒரு தராசு இருக்குன்னு வச்சுக்கோங்க. படியை வைக்கும்போதே ஒரு விரலால தட்டைத் தாங்கிப் புடிச்சா அது எடையா? அப்படி எடை போட்டவங்களுக்கு நான் எத்தனை நோட்டீசு கொடுத்திருக்கேன்.

நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். உங்களைக் கேக்கணும்னுதான் ஆரம்பிச்சேன், ஆனா நீங்க சொல்லி நான் போட்டா அது உங்க விரல் ஆயிடும்.

ஆங். போட்டாச்சு. நிரந்தரம். 'குற்றாலநாதன் இனி காவலர்'னு வந்துடுச்சு பாருங்க. இத்தனை நாள் நான் காவல் காத்த இடம், ஒரு விரல்ல போயிடுச்சு. எதையாவது வாயில போட்டுக்கணும் போல இருக்கு, சர்க்கரை குறைஞ்சிருக்கும். மிட்டாயா? கொடுங்க, ஒண்ணு போட்டுக்கறேன்.

வண்டலூர். எட்டு முப்பது ஆகுது. அவ இறங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். போன் எதுவும் வரலை. அங்க போட்டிருந்த சிம்மு இங்க எடுக்காதோ என்னவோ.

அட, இருங்க. குற்றாலநாதன். வந்துட்டாரே மனுஷன். அப்பாடா. படிக்கறேன் கேளுங்க. 'பொறுப்பை ஏற்றுக்கொண்டேன். நிரந்தரம் என்று பார்த்தேன். பெட்டி வந்துவிட்டது. எந்தக் கதவு பக்கம் நிற்பீர்கள்?'

எந்தப் பெட்டி? ஊருக்குப் போனவர் பெட்டியைப் பஸ்ல விட்டுட்டுத் தேடியிருப்பார் போல, அதான் ரெண்டு நாளாச் சத்தம் இல்லை. கிடைச்சுடுச்சுன்னு சொல்றார். தன் கஷ்டத்துக்கு நடுவுல எனக்குப் பாருங்க, எந்தக் கதவுன்னு விசாரிக்கறார். ஏர்போர்ட்டுல கூட்டம் இருக்கும், நான் எங்கயாவது தப்பான இடத்துல நின்னு அவளைத் தவறவிட்டுடக் கூடாதுன்னு அக்கறை. இப்படி ஒரு மனுஷன் கிடைக்கறது பூர்வ புண்ணியம்மா. நீங்க ஏன் கண்ணைத் துடைக்கறீங்க? சிரிச்சுச் சிரிச்சா? நல்ல ஆளு நீங்க.

ரெண்டாவது கதவு, தூண் பக்கத்துலன்னு போடறேன். போட்டாச்சு. படிச்சுட்டார், உடனே படிச்சுட்டார்.

தாம்பரம் வருது. அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க. செண்பகத்தைப் பாத்ததும் முதல்ல இந்தக் குற்றாலநாதனைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிடணும்னு நெனச்சிருந்தேன், எப்படியும் ஒரு நாள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட வேண்டிய ஆளு. இப்ப வேண்டாம், அது அப்புறம். முதல்ல கேக்க வேண்டியதைக் கேட்டுடறேன். பேச்சை வளத்தா வாய் மாறிடும் எனக்கு. எப்படிக் கேக்கறதுன்னு மட்டும் சொல்லுங்க. போகாதேன்னு கேக்கணுமா, இருந்துடேன்னு கேக்கணுமா?

ரெண்டாவதா? எனக்கும் அதான் தோணுச்சு. வரேம்மா.